கேரியர் வேறு, கரியர் வேறு: ஒன்றரை வருட அட்டைப்பெட்டி அனுபவம்

காலையில் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. வாகன உதிரிபாகம் செய்கிற சின்னக் கம்பெனி, கணக்குப் பிரிவு. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். ஆங்கிலத்தில் மெயில் எழுதுவேன். ஜிஎஸ்டி பற்றி யார் கேட்டாலும் தடுமாறாமல் பதில் சொல்வேன். ஆனால் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. இன்வாய்ஸைப் பற்றிப் பேச என்னிடம் இருந்த வார்த்தைகளில் பாதிகூட என்னைப் பற்றிப் பேச இல்லை.

அதனால்தான் மொத்த ஆங்கிலத்தையும் விட்டுவிட்டு, வேலை, முன்னேற்றம், சொந்த இலக்கு இவற்றுக்கான அன்றாடச் சொற்களை மட்டும் கற்பது என்று ஆரம்பித்தேன். ஒன்றரை வருடம் ஆகிறது.

முதலில் ஒரு ஆப்புக்கு வருடச் சந்தா கட்டினேன். அறுபது நாள் விடாமல் செய்தேன். ஹோட்டலில் ரூம் கேட்கவும், ஏர்போர்ட்டில் பெட்டி தொலைந்தால் புகார் சொல்லவும் நன்றாகவே வந்தது. நான் இதுவரை விமானம் ஏறியதில்லை. அடுத்து, வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த ஐந்நூறு வார்த்தைப் பட்டியல். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மூன்றாம் பக்கம் தாண்டவில்லை.

கடைசியில் நிலைத்தது அட்டைப்பெட்டிதான், அதாவது ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதிய அட்டைகளைப் போட்டுவைத்துப் படிக்கிற பெட்டி. ரயிலில் கூட வரும் ஒரு அக்காவின் மகள் பரீட்சைக்கு இப்படித்தான் படிக்கிறாளாம். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன்காரர் 1972இல் பிரபலமாக்கிய முறை. ஒரு பெட்டியில் ஐந்து அறை. புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும், தப்பாகச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை தினமும் பார்க்க வேண்டும், மேலே போகப் போக இடைவெளி கூடும். மறக்கப் போகிற நேரத்தில் மறுபடி பார்ப்பதுதான் சூட்சுமம். பெட்டி, பழைய செருப்பு டப்பா. அட்டைக்கு, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை ஒன்றில் கழித்துப் போட்ட வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். ஓரத்தில் தங்க நிறத்தில் பாதிப் பிள்ளையார் இருப்பார், பரவாயில்லை.

ஒரு வார்த்தை, ஒரு அர்த்தம் என்று எழுதிய அட்டைகள் முதல் மாதமே வீண். முன்பக்கம் தமிழில் நான் உண்மையில் சொல்ல நினைக்கிற வாக்கியம், பின்பக்கம் அதே வாக்கியம் ஆங்கிலத்தில் என்று மாற்றிய பிறகுதான் ஒட்ட ஆரம்பித்தது.

முதல் அடி "கேரியர்" என்ற வார்த்தையிலேயே விழுந்தது. நமக்கு கேரியர் என்றால் நாலடுக்கு டிபன் கேரியர், இல்லை சைக்கிளின் பின் கேரியர். தொழில் வாழ்க்கையைச் சொல்வது கரியர். அழுத்தம் "ரி"யில் விழ வேண்டும். முதல் எழுத்தில் அழுத்தினால் சுமக்கிற சாமான் ஆகிவிடும். "மை கேரியர் இஸ் வெரி இம்பார்ட்டன்ட்" என்று நான் இத்தனை வருடம் சொன்னதெல்லாம் சாப்பாட்டு விஷயமாகத்தான் காதில் விழுந்திருக்கும்.

அடுத்தது "பாஸ்டு அவுட்". பர்மிங்ஹாமில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளர் தரப்பில் ஒரு அம்மா வீடியோ காலில் பேச்சுவாக்கில் என் படிப்பைக் கேட்டார். "ஐ பாஸ்டு அவுட் இன் 2011" என்றேன். ஒரு விநாடி அமைதி, அப்புறம் சிரித்துக்கொண்டே "ஐ ஹோப் யூ ஆர் ஓகே நவ்" என்றார். அவர்கள் ஊரில் சாதாரணப் பேச்சில் அதற்கு மயங்கி விழுந்தேன் என்று அர்த்தம். ராணுவப் பயிற்சி முடிப்பதற்கு மட்டும் அவர்களும் அதைச் சொல்வார்கள். நம் பரங்கிமலை அகாடமியில் நடக்கிற பாஸிங் அவுட் பரேட் அந்த வழக்குதான். கல்லூரிக்கு "கிராஜுவேட்டட்" போதும். அதேபோல நாம் சொல்கிற "ஃப்ரெஷர்" அங்கே கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்த பிள்ளை. சம்பள உயர்வுக்கு நாம் சொல்கிற "ஹைக்" அங்கே "பே ரைஸ்", அமெரிக்காவில் "ரெய்ஸ்". இதற்காக நம் ஆபீஸில் போய் ஹைக் என்று சொல்லாதீர்கள் என்று திருத்தப் போவதில்லை. கேட்பவர் யார் என்று பார்த்துப் பேசினால் சரி.

"ஆறு வருஷமா வேலை பார்க்கிறேன்" என்பது நான்கு முறை முதல் அறைக்குத் திரும்பிய அட்டை. "சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்" என்றுதான் வாய் போகும். எவ்வளவு காலம் என்றால் "ஃபார்", எப்போதிலிருந்து என்றால் "சின்ஸ்". ஆக "ஃபார் சிக்ஸ் இயர்ஸ்", அல்லது "சின்ஸ் 2019". "லெய்ட் ஆஃப்", "ஃபயர்டு" இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். முன்னது, கம்பெனி நிலைமையால் ஆட்குறைப்பு. பின்னது, நம் மீது ஏதோ குறை சொல்லி அனுப்புவது. இன்டர்வியூவில் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் வேலை செய்த அட்டையைச் சொல்ல வேண்டும். மகன் பிறந்ததும் இரண்டரை வருடம் வேலைக்குப் போகவில்லை. அதைப் பற்றி யார் கேட்டாலும் "சும்மா வீட்ல இருந்தேன்" என்பேன். அட்டையின் முன்பக்கமும் அப்படித்தான் எழுதினேன். பின்பக்கத்துக்குத் தேடியபோது கிடைத்தது "ஐ டுக் எ கரியர் பிரேக்". இருந்தேன் என்பது போய், எடுத்தேன் என்று வருகிறது. அந்த இரண்டரை வருடத்தில் நான் ஒரு மத்தியானமாவது சும்மா இருந்தேனா என்ன? அன்று இரவு முன்பக்கத்துத் தமிழையும் அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்.

"கோல்" என்பதும் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் உன் லட்சியம் என்ன என்று கேட்டால் கலெக்டர், டாக்டர் இரண்டுதான் பதில். லட்சியம் அவ்வளவு கனமான சொல். ஆங்கிலத்தில் கோல் சின்னதாகவும் இருக்கலாம், இந்த வாரத்துக்குக்கூட ஒன்று வைத்துக்கொள்ளலாம். "செட்" பண்ணலாம், "ரீச்" பண்ணலாம், எட்டாவிட்டால் "மிஸ்" பண்ணலாம். மார்ச்சுக்குள் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு புது ரிப்போர்ட் தயார் செய்யக் கற்பது என்ற என் ஆசைக்கு லட்சியம் என்று பெயர் வைக்கக் கூச்சமாக இருந்தது. கோல் என்று சொல்லக் கூசவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. அட்டை பேசாது, உச்சரிப்பு வராது. அதற்கு பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ஆறு நிமிட ஒலிநிகழ்ச்சியைப் பெரம்பூரில் ஏறியதும் போட்டால் கொரட்டூருக்குள் முடிந்துவிடும். இலவசம். ஆர்வத்தில் தினம் பத்து அட்டை போட்டு மூன்றாவது மாதம் முதல் அறை பிதுங்கி, இரண்டு வாரம் பெட்டியைத் திறக்கவே பயந்தேன். இப்போது தினம் மூன்றுதான். போன டிசம்பர் மழையில் பை நனைந்து நாற்பது அட்டை கூழாகிவிட்டது. அதன்பிறகு ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கிற ஆங்கி (Anki) என்ற அட்டை ஆப்பில் எல்லாவற்றையும் ஏற்றினேன். எப்போது எதைப் பார்ப்பது என்று அதுவே கணக்குப் போடுகிறது. ஆனாலும் கையால் எழுதியது நிற்கிற மாதிரி எனக்கு டைப் செய்தது நிற்கவில்லை. இப்போது இரண்டும் ஓடுகிறது. மொத்தச் செலவு, அந்த ஆப் சந்தாவைக் கழித்தால், நூறு ரூபாய் தாண்டாது.

ஏப்ரல் அப்ரைசலில் இதையெல்லாம் இறக்கிவிடுவது என்று போனேன். கரியர் பிரேக், லாங் டெர்ம் கோல், பே ரைஸ் எல்லாம் ஒரே மூச்சில், தப்பில்லாமல். மேனேஜர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தாம்மா பேசற. பார்க்கலாம்" என்றார், தமிழில்.

அன்று சாயங்காலம் முதல் அறையில் ஒரு புது அட்டை விழுந்தது. முன்பக்கம் "பார்க்கலாம்". பின்பக்கம் "லெட் மீ கெட் பேக் டு யூ".