பூங்காவுக்கு வரி: கடன் பத்திரமா, லெவியா, நிரந்தர டிஸ்ட்ரிக்டா?

சியாட்டிலை ஒட்டிய பெல்வியூ, கிர்க்லண்ட் பக்கம் குடியிருக்கும் நண்பர்கள் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் இதைக் கேட்பார்கள்: "பூங்காவுக்குச் சொத்து வரியை ஏத்தணும்னு போட்டிருக்கான், சரின்னு போடலாமா?" வாக்குச்சீட்டோடு வரும் கையேட்டில் ஆதரவு வாதம், எதிர்ப்பு வாதம் இரண்டும் இருக்கும். இரண்டையும் படித்தால் இரண்டுமே நியாயமாகத்தான் படும். என்னைக் கேட்டால், எவ்வளவு வரி என்பதைவிட எந்த வகை வரி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சியாட்டில்வாசியாக 2014 ஆகஸ்டில் பூங்காவுக்கென்றே தனியாக வரி போடும் நிரந்தரமான அமைப்புக்கு, அதாவது பார்க் டிஸ்ட்ரிக்டுக்கு, ஆதரவாக வாக்களித்தேன். இன்றைக்கு அதே கேள்வி வந்தாலும் அதற்கே போடுவேன். ஏன் என்பதையும், அதில் எனக்கு உறுத்தும் இடங்களையும் எழுதுகிறேன்.

இதை நம்மிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நகரம் தன் வழக்கமான சொத்து வரி வசூலை ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. புதுக் கட்டடங்களிலிருந்து வருவது மட்டும் தனி. 2001-இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த விதி இது. 2007-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, சட்டமன்றம் அதே ஆண்டே திரும்பக் கொண்டுவந்துவிட்டது. சம்பளமும் டீசலும் சிமென்டும் 1 சதவீதத்தில் நிற்பதில்லை. ஆகவே போலீஸ், தீயணைப்பு போக மிஞ்சியதில் பூங்காவுக்குக் கிடைப்பது தேய்ந்துகொண்டே வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மக்களிடம்தான் வர வேண்டும்.

நம்மவர்களில் பலர் வீட்டு மதிப்பு இரட்டிப்பானால் வரியும் இரட்டிப்பாகும் என்றே நினைக்கிறார்கள். இங்கே அப்படியில்லை. மொத்தம் எவ்வளவு வசூலிப்பது என்பதை முதலில் முடிவு செய்வார்கள். பிறகு அதை ஊரிலுள்ள சொத்துகளின் மதிப்புக்கு ஏற்பப் பங்கிடுவார்கள். எல்லார் வீடும் ஒரே விகிதத்தில் ஏறினால் உங்கள் பங்கு மாறாது. வீட்டுக் கடனோடு எஸ்க்ரோ (மாதத் தவணையோடு வரியையும் வாங்கிக் கடன் கொடுத்தவரே கட்டிவிடும் ஏற்பாடு) வைத்திருப்பவர்கள் இந்த ரசீதைத் திறந்தே பார்ப்பதில்லை. ஒருமுறை பாருங்கள், பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போகிறது என்று பிரித்தே போட்டிருப்பார்கள்.

மூன்று வழிகளில் முதலாவதான கடன் பத்திரத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நகரம் கடன் வாங்கிக் கட்டும். நாம் முதலும் வட்டியுமாகப் பல ஆண்டுகள் வரியில் அடைப்போம். 60 சதவீத ஆதரவு வேண்டும். அதுபோக, முந்தைய பொதுத்தேர்தலில் விழுந்த வாக்குகளில் 40 சதவீதமாவது இதில் விழுந்திருக்க வேண்டும். 1968 பிப்ரவரியில் ஃபார்வர்ட் த்ரஸ்ட் என்ற திட்டத்தில் பூங்காக்களுக்கு மட்டும் 118 மில்லியன் டாலர் பத்திரத்தைக் கிங் கவுண்டி (சியாட்டில் அடங்கிய மாவட்டம்) மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். சியாட்டில் நகர மையத்தில் நெடுஞ்சாலைக்கு மேலேயே 1976-இல் திறந்த ஃப்ரீவே பார்க்கில் அந்தப் பணமும் இருக்கிறது. பெரிதாக ஒன்றை ஒரே மூச்சில் கட்டி முடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மாநில அரசியல் சட்டப்படி அந்தப் பணத்தை மூலதனச் செலவுக்கு மட்டுமே தொடலாம். கட்டி முடித்த பிறகு புல் வெட்டுகிறவருக்கோ குழாய் பழுது பார்க்கிறவருக்கோ அதிலிருந்து ஒரு டாலர் சம்பளம் தர முடியாது. அதே ஃப்ரீவே பார்க், மரங்கள் அடர்ந்து இருட்டி, கான்கிரீட்டும் விளக்குகளும் பழுதாகி, அலுவலகம் விட்டுப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகும் இடமாக வெகுகாலம் கிடந்தது.

லெவி என்பது குறித்த காலத்துக்கு மட்டும் கூடுதல் வரி. பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் போதும், காலம் முடிந்ததும் தானாக விழுந்துவிடும். சியாட்டில் 2000-இல் 198 மில்லியன் டாலருக்கு எட்டாண்டு லெவி போட்டது. அது முடியும் தறுவாயில் 2008-இல் சுமார் 146 மில்லியனுக்கு ஆறாண்டு லெவி. வாக்காளருக்கு இதில் ஒரு பிடி இருக்கிறது. சொன்னதைச் செய்யவில்லையென்றால் அடுத்த முறை போடமாட்டோம். என்ன கட்டப் போகிறார்கள் என்ற பட்டியலும் முன்கூட்டியே தெரியும். நண்பர்களில் பெரும்பாலோர் லெவி பக்கம் சாய்வது இதனால்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

எனக்கு இடிக்கும் இடம் அந்தப் பட்டியலேதான். வாக்கு கேட்க வேண்டுமென்றால் பட்டியலில் புதுசு இருக்க வேண்டும். புது விளையாட்டுத் திடல், புது நிலம், ரிப்பன் வெட்ட ஏதாவது ஒன்று. கொதிகலன் மாற்றுவது, கூரை ஒழுகலை அடைப்பது, சாக்கடைக் குழாய் போடுவது என்று பட்டியல் போட்டால் எந்தக் கையேட்டிலும் எடுபடாது. 2008 லெவியின் பணம் பெரும்பாலும் நிலம் வாங்கவும் புதிதாகக் கட்டவும் போனது. அதே நேரத்தில் பொருளாதார மந்தம் வந்து நகரத்தின் பொதுநிதி சுருங்கியது. சமூக மையங்களின் திறப்பு நேரத்தைக் குறைத்தார்கள். ஒரு பக்கம் புதுப் பூங்கா, இன்னொரு பக்கம் இருக்கும் மையத்துக்குப் பூட்டு.

வாங்கிய நிலத்தின் கதை இன்னும் மோசம். நெருக்கமான பகுதிகளில் மனைகளை வாங்கிப் போட்டார்கள்; விலை ஏறுவதற்குள் வாங்கியது சரியான யோசனைதான். ஆனால் அதைப் பூங்காவாக்கப் பணமில்லை. நான் நடந்து போகும் வழியில் அப்படி ஒரு மனை, சங்கிலி வேலி, முழங்கால் உயரப் புல், "எதிர்காலப் பூங்கா" என்று ஒரு பலகை. 2014-க்குள் இந்த மாதிரி 14 மனைகள் காத்திருந்தன. பராமரிப்புப் பாக்கி மட்டும் 270 மில்லியன் டாலர் என்று பூங்காத் துறை கணக்குச் சொன்னது. 6,400 ஏக்கருக்கு மேல் பூங்கா வைத்திருக்கும் ஊரில் இது ஆச்சரியமில்லை. ஆனால் எட்டாண்டு, ஆறாண்டு என்று துண்டு துண்டாக வரும் பணத்தில் இந்தப் பாக்கியை அடைக்கவே முடியாது.

பராமரிப்பு ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், தன்னார்வலராக ஐவிக் கொடி பிடுங்கப் போனதில் கற்றுக்கொண்டது அது. சியாட்டிலின் காட்டுப் பூங்காக்களில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஐவியும் ஹிமாலயன் பிளாக்பெர்ரி முள்ளும் எல்லாவற்றையும் மூடிவிட்டன. ஐவி மரத்தில் ஏறி உச்சிக்குப் போய்விட்டால் அந்தப் பாரத்தில், நவம்பர் காற்றில், மரமே சாயும். முதலில் மரத்தைச் சுற்றி நெஞ்சு உயரத்தில் கொடியை ஒரு வளையமாக அறுக்க வேண்டும். சில தண்டுகள் மணிக்கட்டுப் பருமன் இருக்கும், கைரம்பம்தான் கேட்கும். மேலே இருப்பதை அப்படியே காய விட்டுவிட்டு, அடியில் வேரோடு சுற்றிலும் பிடுங்க வேண்டும். பிறகு மழைக்காலத்தில் செடார் கன்றும் வாள் பெரணியும் நடுவோம். பார்க்க அழகாக இருக்கும், படமும் எடுத்துக்கொள்வோம்.

வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். மண்ணில் விட்டுப்போன ஒரு துண்டு வேர் அடுத்த வசந்தத்தில் துளிர்க்கும். பறவைகள் புது விதை கொண்டுவந்து போடும். இங்கே கோடையில் மழையே இல்லை, முதல் சில கோடைகளில் கன்றுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நட்ட இடத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து களையெடுத்தால்தான் காடு தன் காலில் நிற்கும். நடுவில் பணம் நின்றால் செய்தது அத்தனையும் வீண், மறுபடி முதலிலிருந்து. 2,500 ஏக்கர் காட்டை மீட்கும் கிரீன் சியாட்டில் கூட்டுத் திட்டம் 2005 வாக்கில் தொடங்கியபோதே 20 ஆண்டு வேலை என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். ஆறாண்டு லெவியில் அதை எப்படி நடத்துவது?

பார்க் டிஸ்ட்ரிக்ட் இந்த இடத்தில்தான் மாறுபடுகிறது. 2014-இல் பாதியைக் கொஞ்சம் தாண்டிய ஆதரவில் அது நிறைவேறியது. வசூல் 2016-இல் தொடங்கியது. சட்டப்படி ஆயிரம் டாலர் மதிப்புக்கு 75 சென்ட் வரை போடலாம். ஆரம்பத்தில் திட்டமிட்டது சுமார் 33 சென்ட், அதாவது அன்றைய 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 132 டாலர். காலக்கெடு இல்லை, ஆறாண்டுக்கு ஒருமுறை செலவுத் திட்டம் போடுவார்கள். முதல் திட்டத்தில் பெரும் பராமரிப்பு, சமூக மையப் புதுப்பிப்பு, காடு மீட்பு எல்லாம் தனித் தலைப்புகளாகவே வந்தன. காத்திருந்த 14 மனைகளைப் பூங்காவாக்கும் வேலையும் அதில்தான் சேர்ந்தது. இரண்டாம் திட்டத்தில் கழிப்பறைகளைக் குளிர்காலத்திலும் திறந்துவைப்பதற்குப் பணம் ஒதுக்கினார்கள். சின்னக் குழந்தையோடு பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

"டிஸ்ட்ரிக்ட் பணம் வருதுன்னு நகராட்சி தன் பங்கைக் குறைச்சிட்டா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்காகவே நகரத்துக்கும் டிஸ்ட்ரிக்டுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு: பொதுநிதியிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 89 மில்லியன் டாலர், விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி, பூங்காவுக்குத் தந்தே ஆக வேண்டும். கடும் நெருக்கடி என்று நகர கவுன்சிலில் முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொண்டால் மட்டும் அதைத் தளர்த்தலாம். அந்த விதிவிலக்கு எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

உறுத்தல் என்றேன் அல்லவா. சியாட்டில் டிஸ்ட்ரிக்டின் நிர்வாகக் குழு என்பது நகர கவுன்சிலேதான். பக்கத்து நகரமான டகோமாவில் 1907 முதல் இருக்கும் டிஸ்ட்ரிக்டுக்கு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் குழு தனியாக உண்டு. பூங்காவைத் தவிர அவர்களுக்கு வேறு கவலை இல்லை. இங்கே 2022-இல் இரண்டாம் திட்டத்துக்கு வரியைச் சுமார் 38 சென்டாக ஏற்றி, ஆண்டு வசூலை 115 மில்லியன் அளவுக்குக் கொண்டுபோனபோது கவுன்சில் கைதூக்கியதோடு சரி, வாக்குச்சீட்டு வரவில்லை. அந்தக் கணக்கில் 8 லட்சம் டாலர் வீட்டுக்கு அது ஆண்டுக்கு 304 டாலர். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது சின்னத் தொகை இல்லை. 61 வயது ஆகி வருமானம் குறைவாக இருந்தால் மாநிலத்தின் சொத்து வரிச் சலுகை உண்டு. பெற்றோர் பெயரில் வீடு இருந்தால் கட்டாயம் விண்ணப்பியுங்கள். வாடகைக்கு இருப்பவர் தலையில் இதில் எவ்வளவு இறங்குகிறது என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

லெவிக்காரர்களிடம் இன்னொரு பலமான வாதம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. கிங் கவுண்டி பூங்காக்கள் 2003 முதல் லெவியில்தான் ஓடுகின்றன. 2007, 2013, 2019, கடைசியாக 2025 ஆகஸ்ட் என ஒவ்வொரு முறையும் மக்கள் புதுப்பித்திருக்கிறார்கள், அதில் பராமரிப்பும் அடக்கம். பெல்வியூவும் 2022-இல் லெவிதான் போட்டது. கிர்க்லண்டிலோ 2015-இல் டிஸ்ட்ரிக்ட் யோசனையை மக்கள் தோற்கடித்தார்கள். அங்கே அதை ஒரு பெரிய நீச்சல்குள வளாகத்தோடு முடிச்சுப் போட்டுக் கேட்டதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மக்கள் தவறாமல் புதுப்பிக்கும் ஊரில் லெவி போதும் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஒரே ஒருமுறை தோற்றால் களையெடுக்கும் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும் என்பதுதான் என் பயம்.

நான் பார்ப்பது வட சியாட்டில் பூங்காக்களைத்தான். தெற்கே ரெய்னியர் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குப் பணம் அதே வேகத்தில் வந்து சேர்ந்ததா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊரில் டிஸ்ட்ரிக்ட் கேட்டால் மூன்றைப் பாருங்கள்: குழு தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறதா, பொதுநிதியின் பங்குக்கு அடித்தளம் எழுத்தில் இருக்கிறதா, பராமரிப்புக்குத் தனித் தலைப்பு உண்டா. சியாட்டில்காரர்களுக்கு, இப்போதைய திட்டம் 2028-ஓடு முடிகிறது. அடுத்த ஆறாண்டுக்கு எத்தனை சென்ட் என்பதைக் கவுன்சில் முடிவு செய்யும் முன் பொதுக் கூட்டங்கள் நடக்கும். ஒருவருக்கு ஓரிரு நிமிடம்தான் தருவார்கள். காடு மீட்புக்கும் கழிப்பறைக்கும் ஒதுக்கீடு குறையாமல் பார்த்துக்கொள்ள நான் பெயர் கொடுக்கப் போகிறேன்.