மூட்டைக்கு அடியில் சாகிற கனவு: முடிவை மாற்றி எழுதிப் பார்த்த ஒன்பது மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கனவு முழுசாக நிற்கவில்லை. வாரத்தில் நாலைந்து ராத்திரி வந்துகொண்டிருந்தது இப்போது மாசத்துக்கு ஒன்றிரண்டு முறை வருகிறது, வந்தாலும் எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுக்க முடிகிறது. இதற்காக நான் என்னென்ன செய்தேன், எது வீண், எது கைகொடுத்தது என்று எழுதுகிறேன். ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்று எழுதுகிறவர்களை நம்பி நானே ஏமாந்தவன், அதனால்தான் இத்தனை நாள் பொறுத்தேன்.

நான் ரங்கூனில் பயறு வியாபாரக் கம்பெனி ஒன்றில் சரக்குப் பார்க்கிறவன். உளுந்து, துவரை, பாசிப்பயறு. நீங்கள் காலையில் சாப்பிட்ட இட்லியில் இருக்கும் உளுந்து எங்கள் ஊரிலிருந்து கப்பலேறியதாகக்கூட இருக்கலாம். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, சரக்கு பார்க்க மாண்டலே போயிருந்தேன். மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு 7.7 அளவு நிலநடுக்கம். நான் கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) வாசலில் வெளிச்சத்தில் நின்று, உள்ளங்கையில் உளுந்தைக் கொட்டி வண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் ஒரே எட்டில் வெளியே வந்துவிட்டேன். உள்ளே அட்டி, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூட்டைகள், சரிந்தது. சுமை தூக்கும் பையன் ஒருவன் இடுப்பு வரைக்கும் மூட்டைக்குள் மாட்டிக்கொண்டான். நாலு பேர் சேர்ந்து இழுத்தோம், கால் எலும்பு முறிவோடு உயிரோடு வந்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது அதிர்வு. அன்று ராத்திரியும் அடுத்த மூன்று ராத்திரியும் அரண்மனை அகழி ஓரத்தில், தெருவில்தான் படுக்கை, ஊரில் பாதிப்பேர் அங்கேதான் கிடந்தார்கள். ஜும்மா நேரம் என்பதால் பள்ளிவாசல்கள் இடிந்து எத்தனையோ பேர் போனார்கள். அதையெல்லாம் பார்த்ததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கனவில் மாட்டிக்கொள்கிறவன் அந்தப் பையன் இல்லை, நான்.

கனவு எப்போதும் ஒரே மாதிரி. கிட்டங்கி, மூட்டை, சணல் வாசனை. மேலே அட்டி, கீழே நான், மார்பில் பாரம், வாயில் தூசி. கூப்பிட்டால் சத்தம் வராது. மூச்சு ஒவ்வொன்றாகக் குறையும், கடைசி மூச்சுக்கு முன்னால் விழித்துக்கொள்வேன். விழித்தால் எதிரில் கொசுவலை வெள்ளையாகத் தெரியும், அதைப் போர்த்திய துணி என்று நினைத்து இரண்டு முறை கிழித்திருக்கிறேன். ரங்கூன் வந்து பத்துப் பன்னிரண்டு நாளில் ஆரம்பித்தது இது. தூங்கவே பயம். டீக்கடையில் பதினொரு மணி வரை உட்கார்ந்திருப்பேன், வீட்டுக்கு வந்தாலும் படுக்க மாட்டேன்.

இதில் ஒரு தனிப் பயமும் இருந்தது. கனவில் கடைசி மூச்சும் நின்றுவிட்டால் நிஜத்திலும் நின்றுவிடும் என்று யாரோ சின்ன வயதில் சொன்னது, நாற்பத்தாறு வயதில் வந்து பிடித்துக்கொண்டது. ஜூன் மாசம் ஒரு நாள் அதுவும் நடந்தது. விழிப்பு வரவில்லை. செத்தேன். கும்மிருட்டு, பிறகு நான் ஓரமாக நிற்கிறேன், என்னைத் தூக்கித் தராசில் வைத்து ஒருவன் "நாற்பது வீசை" என்று கத்துகிறான், இன்னொருவன் சீட்டு எழுதுகிறான். அப்புறம் சாதாரணமாக விழித்தேன். வியர்வை, படபடப்பு, அவ்வளவுதான். காலையில் அம்மாவிடம் சொன்னால், "கனவுல செத்தா ஆயுசு கெட்டிடா, போய்க் குளி" என்று சொல்லிவிட்டு மிளகாய் கிள்ளப் போய்விட்டார். எந்த மாத்திரையும் தராத நிம்மதி அன்றைக்கு அதில் கிடைத்தது. சும்மா சொல்லவில்லை.

ஆனால் அதே அம்மாதான் விடியற்காலைக் கனவு பலிக்கும் என்றும் சொல்வார். என் கனவு வருவதெல்லாம் மூன்றரை, நாலு மணிக்கு. இது என்னை எவ்வளவு ஆட்டியது என்று சொல்லி முடியாது. பிறகுதான் விஷயம் தெரிந்தது: கனவு அதிகம் வரும் தூக்கம் சுமார் தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருகிறது, முன்னிரவில் சில நிமிஷம், விடிய விடிய நீளமாகிறது. ஆக யாராக இருந்தாலும் நீண்ட கனவு விடியலில்தான் வரும், நினைவில் நிற்பதும் அதுதான். அந்த நேரத்தில் கைகால் தசைகளை உடம்பு தானே தளர்த்திக் கட்டிப்போடுகிறது. மூளை முழித்து, அந்தக் கட்டு அவிழச் சில நொடி தாமதமானால் அசைய முடியாது, மார்பில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம் ஊர் ஆட்கள் அமுக்குவான் பேய் என்பார்களே, அது இதுதான். எனக்கு இரண்டு முறை வந்தது, இரண்டும் மல்லாந்து படுத்த ராத்திரி.

சரி, செய்து பார்த்தவை. பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலில் மந்திரித்த கயிறு, அம்மாவுக்காகக் கட்டிக்கொண்டேன், இன்னும் கையில் இருக்கிறது, அதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். விஸ்கி, இது நான் செய்த பெரிய முட்டாள்தனம். இரண்டு பெக் போட்டால் படுத்ததும் தூக்கம் வரும். ஆனால் மது முன்னிரவின் கனவை அமுக்கி வைக்கிறது, போதை இறங்கியதும் பின்னிரவில் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கிறது. மே மாசம் முழுக்க இப்படித்தான் போனது. ஒரு கிளினிக்கில் இரண்டே நிமிஷத்தில் தூக்க மாத்திரையும், படபடப்புக்கு பிராப்ரனலாலும் எழுதிக் கொடுத்தார்கள். கனவு இன்னும் கலர் கலராக வந்தது! பிராப்ரனலால் வகை மாத்திரைக்குக் கெட்ட கனவு ஒரு தெரிந்த பக்கவிளைவு என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வேறு டாக்டர் அதைப் படிப்படியாகக் குறைத்து மாற்றிக் கொடுத்தார். நீங்கள் ரத்த அழுத்தத்துக்கோ மன அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்து, அதற்குப் பிறகு கனவு கூடியிருந்தால் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்த டாக்டர் என் மனைவியிடம் இரண்டு கேள்வியும் கேட்டார், குறட்டையில் மூச்சு நடுவில் நிற்கிறதா, தூக்கத்தில் கைகாலை வீசி அடிக்கிறேனா என்று. மூச்சுத் திணறுகிற கனவுக்கு நிஜமாகவே மூச்சு அடைபடுவது காரணமாக இருக்கலாமாம். எனக்கு இரண்டும் இல்லை.

வழி கிடைத்தது சென்னையில் மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கும் சித்தப்பா மகள் மூலமாக. இங்கே நெட் கிடைக்கும் லட்சணத்தில் அவளுடைய வாய்ஸ் மெசேஜ் இறங்கவே அரை மணி ஆனது. "அண்ணே, அந்தக் கனவை ஒரு தாளில் எழுதுங்க. அப்புறம் முடிவை உங்க இஷ்டத்துக்கு மாத்தி எழுதுங்க. மாத்தினதை மட்டும் தினம் பத்துப் பதினஞ்சு நிமிஷம், பகல்ல, கண்ணை மூடி ஓட்டிப் பாருங்க. பழசை ஓட்டாதீங்க" என்றாள். இவ்வளவுதானா என்று எனக்குக் கோபமே வந்தது. பிறகு அவளே சொன்னாள், பாரி கிராகோ என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைச் சோதித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில் கெட்ட கனவு நன்றாகக் குறைந்ததாம், அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2018-ல் கெட்ட கனவுக்குப் பரிந்துரைத்ததும் இந்த முறையைத்தானாம். கெட்ட கனவுக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மாத்திரையைப் பற்றியும் கேட்டேன். அதே 2018-ல் முன்னாள் ராணுவத்தினரிடம் செய்த பெரிய ஆய்வில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்றாள், சிலருக்குக் கேட்கிறது என்றும் சொன்னாள்.

கம்பெனிச் சிட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஜூலை. முதல் வாரம் நரகம், மறைக்க மாட்டேன். எழுதிய அன்றெல்லாம் கனவு கூடுதலாக வந்தது, மூன்றாம் நாள் சிட்டையைத் தூக்கி எறிந்தேன், மனைவி எடுத்து வைத்தாள்.

முடிவை மாற்றுவதில் எங்கே தவறினேன் என்று சொல்கிறேன். முதலில், போலீஸும் தீயணைப்பும் வந்து என்னைத் தூக்குவதாக எழுதினேன். ஒட்டவே இல்லை, கண்ணை மூடினால் சினிமா மாதிரி ஓடும், ராத்திரி பழைய கனவே வரும். அடுத்து பூகம்பமே வராத மாதிரி எழுதினேன், அதையும் மனசு ஏற்கவில்லை. தங்கச்சி கேட்டாள், "உங்க கையில அப்ப என்ன இருந்துச்சு?" குத்தூசி இருந்தது. மூட்டையைப் பிரிக்காமல் குத்திச் சரக்கு எடுத்துப் பார்ப்போமே, நுனி கூராக, நடுவில் வாய்க்கால் மாதிரி குழிந்த இரும்பு, பிடியில் என் அப்பா சுற்றிய சிவப்பு நூல். இருபது வருஷமாக என் கையில் இருப்பது. அதை வைத்து எழுதினேன்: மூட்டைக்கு அடியில் கிடக்கிறேன், கையில் குத்தூசி இருக்கிறது, மேலே இருக்கும் மூட்டையைக் குத்துகிறேன், உளுந்து சரசரவென்று காதோரமாக ஒழுகுகிறது, மூட்டை தளர்கிறது, அடுத்ததைக் குத்துகிறேன், பாரம் இறங்குகிறது, வாசல் வெளிச்சம் தெரிகிறது. வெளியே வந்து கையில் மிச்சமிருக்கும் உளுந்தில் வண்டு இருக்கிறதா என்று பார்க்கிறேன். அவ்வளவுதான் கதை.

மதியம் சாப்பிட்ட பிறகு ஆபீஸ் மாடியில் உட்கார்ந்து தினம் இதை ஓட்டினேன். ஒழுகுகிற சத்தம், கையில் நூலின் சொரசொரப்பு, இரண்டையும் விடாமல் நினைத்தேன், படத்தைவிட அவைதான் எனக்கு வேலை செய்தன. மூன்றாவது வாரம்வரை ஒன்றுமில்லை. ஆகஸ்டில் கனவுக்குள் முதல்முறையாகக் குத்தூசி வந்தது, ஆனால் குத்தவில்லை, கையில் இருந்தது, அவ்வளவே. மறுநாள் தங்கச்சிக்குப் போன் போட்டு ஐந்து நிமிஷம் அதையே சொல்லியிருக்கிறேன். செப்டம்பர் சிட்டையில் ஒன்பது புள்ளி, நவம்பரில் நாலு. கனவு வந்த ராத்திரிக்கு ஒரு புள்ளி வைப்பது என் வழக்கம், எண்ணாமல் இருந்தால் குறைந்ததே எனக்குத் தெரிந்திருக்காது, ஏனென்றால் வந்த ராத்திரிதான் மனசில் நிற்கும்.

திரும்பியும் வந்தது. இந்த மார்ச்சில், ஒரு வருஷ நினைவுக் கூட்டங்கள், படங்கள், எங்கே திரும்பினாலும் அதே பேச்சு, பத்து நாளில் ஆறு புள்ளி. மறுபடி மாடிக்குப் போய் ஓட்டினேன், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்குள் அடங்கியது. கரண்ட் பிரச்சினையும் இதில் உண்டு. நடுராத்திரி மூன்று மணிக்குக் கரண்ட் வந்தால் மோட்டார் போட யாராவது எழுந்தாக வேண்டும், அந்த நேரத்தில் தூக்கம் கலைந்து மறுபடி படுத்தால் நேரே கனவுக்குள்தான் விழுவேன். அந்த வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். இந்த முறையில் பாதி மதிப்பெண் அவளுக்குத்தான் போக வேண்டும்.

எல்லோருக்கும் இதைச் சொல்வேனா என்றால், இல்லை. மாண்டலேயில் என் நண்பன் ஒருவன், அன்றைக்கு வீட்டோடு மனைவியையும் மகளையும் இழந்தவன். அவனிடம் ஒரு நோட்டை எடுத்து முடிவை மாற்றி எழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் ஒரு மனநல மருத்துவரிடம் போகிறான், நான் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்ததோடு சரி. பகலிலும் அந்தக் காட்சி கண் முன்னால் வந்து நிற்கிறவர்கள், செத்துவிடலாம் என்று தோன்றுகிறவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம் என்று தங்கச்சியும் கண்டிப்பாகச் சொன்னாள்.

போன வாரம் கடைசியாக வந்தது. அதே கிட்டங்கி, அதே பாரம். குத்தூசியால் குத்தினேன், ஒழுகியது, ஆனால் உளுந்து இல்லை, துவரை. அதுவும் பழைய சரக்கு. கனவுக்குள்ளேயே எனக்கு எரிச்சல் வந்து, யார் இதை இந்த அட்டியில் அடுக்கினது என்று கத்தியிருக்கிறேன். மனைவி மோட்டார் போட்டுவிட்டு வந்து கொசுவலையைத் தூக்கி, "என்னங்க, கனவா?" என்றாள்.

"ஆமா, சரக்கு மாறி வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டேனாம். காலையில் அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.