கப்பல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே எங்கள் பெயர் இருந்தது, ஆனாலும் 1,240 டாலர் போய்விட்டது

இரண்டு வாரத்துக்கு முன்பு வரை நானும் அக்காவும் கப்பலின் தள வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கள் அறையிலிருந்து நீச்சல் குளத்துக்கு எத்தனை மாடி ஏற வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். இன்று காலை அந்த ஏஜெண்ட் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். கொடுத்தது 1,240 டாலர். கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். குறைந்த செலவில் பெரிய கப்பலில் போக நினைப்பவர்களுக்குக் கடைசியில் யோசனைகளும் சொல்கிறேன்.

மத்தியதரைக் கடலில் 7 இரவுகள். பார்சிலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ் பார்த்துவிட்டுத் திரும்ப பார்சிலோனா. ஜன்னல் இல்லாத உள் அறை. கப்பலில் அதுதான் மலிவு. கிளம்ப இன்னும் ஏழு மாதம் இருந்தது. கப்பல் டிக்கெட் மட்டுமே விற்கும் ஒரு இணைய முகவர் தளத்தில் ஆளுக்கு 499 டாலர் என்று போட்டிருந்தார்கள். ஒரு அறையில் இருவர் தங்கினால்தான் அந்த விலை; தனியாகப் போனால் பெரும்பாலும் இரண்டாவது கட்டிலுக்கும் சேர்த்தே வாங்கிவிடுவார்கள். நாங்கள்தான் இருவர் ஆயிற்றே. துறைமுக வரியெல்லாம் சேர்த்து இருவருக்கும் 1,240 என்றான் அந்தத் தளத்தின் ஏஜெண்ட். டிப்ஸும் வைஃபையும் அதிலேயே அடக்கமாம்.

அங்கேயே விழித்திருக்க வேண்டும். பல பெரிய கப்பல்களில் டிப்ஸ் மட்டுமே ஒரு நாளைக்கு ஆளுக்கு 16 டாலருக்கு மேல். இரண்டு பேருக்கு ஏழு நாள் என்றால் 224. அதை யார் தன் கையிலிருந்து போடுவார்? போதாக்குறைக்கு, ரோமில் இறங்கி நடந்தே கொலோசியம் போய்விடலாம் என்றும் சொன்னான். கப்பல் நிற்கும் சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து ரோம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்! நன்றாகத்தான் நடந்திருப்போம்.

ஆனால் நம்ப வைத்தது அவன் பேச்சு இல்லை. நான் தயங்கியதும் அவனே சொன்னான்: "என்னை நம்ப வேணாம் மேடம். புக்கிங் நம்பர் தர்றேன், கப்பல் கம்பெனி சைட்லயே போட்டுப் பாருங்க. அப்புறம் பணம் அனுப்புங்க." போட்டுப் பார்த்தேன். வந்தது. என் பெயர், அக்கா பெயர், பயணத் தேதி, அறை வகை, எல்லாம் இருந்தது. அக்கா பெயரை எல்லோரும் தப்பாகத்தான் எழுதுவார்கள். இவன் அதைக்கூடச் சரியாக அடித்திருந்தான். "இவ்வளவு பண்ணியிருக்கானே, அசல்தான்" என்றாள் அக்கா. பக்கத்தின் அடியில் முழுத் தொகையும் பாக்கி என்று ஒரு வரி இருந்தது. கேட்டேன். "நீங்க அனுப்பின ரெண்டு நாள்ல அப்டேட் ஆகிடும் மேடம்." சரி என்றேன். கார்டில் கட்டினால் மூன்று சதவீதம் கூடுதல் என்றதால் வங்கிக் கணக்குக்கே 1,240 டாலரையும் ஒரே தடவையில் அனுப்பினேன். விலை அன்றிரவு 12 மணி வரைதானாம்.

பத்து நாள் கழித்து பாஸ்போர்ட் விவரம் பதிவு செய்யலாம் என்று அதே எண்ணைப் போட்டால், அப்படி ஒரு முன்பதிவே இல்லை என்று வருகிறது. கப்பல் நிறுவனத்தை அழைத்தபோதுதான் புரிந்தது. ஏஜெண்டுகள் பணமே கட்டாமல் சில நாட்களுக்கு ஒரு அறையைப் பிடித்து வைக்க முடியும். அப்போதே எண் உருவாகிவிடும், பெயரும் தெரியும். கெடுவுக்குள் முன்பணம் கட்டாவிட்டால் தானாக ரத்தாகிவிடும். நாங்கள் பார்த்தது பிடித்து வைத்த அறை, வாங்கிய அறை இல்லை. கப்பல் நிறுவனத்துக்கு எங்கள் பணத்தில் ஒரு டாலர்கூடப் போகவில்லை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் நாள், "சிஸ்டம் அப்டேட் நடக்குது மேடம்." மூன்றாம் நாள், "அக்கவுண்ட்ஸ்ல பேசிட்டு கூப்பிடுறேன்." அப்புறம் வேறு அறை பார்க்கிறோம் என்றார்கள். அப்புறம் ரீஃபண்ட் போட்டாச்சு, ஏழு வேலை நாளில் வரும் என்றார்கள். எட்டாவது நாள் வேறொரு பெண் எடுத்து, "யார்கிட்ட பேசினீங்க? அப்படி ஒருத்தர் இங்க இல்லையே" என்கிறார்! வங்கியிலோ, நீங்களே அனுப்பிய பணம், கார்டாக இருந்தால் அந்தக் கட்டணத்துக்கு மறுப்புத் தெரிவித்துப் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம், இதில் உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள். மூன்று சதவீதம் என்பது 37 டாலர். அந்த 37 டாலரை மிச்சம் பிடிக்கப் போய் 1,240 டாலர்.

யோசனைகள் நிறைய எழுத நினைத்தேன், இப்போது தலையில் ஒன்றும் நிற்கவில்லை. புக்கிங் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். "செலுத்திய தொகை" என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இத்தனை மாதம் முன்னால் பதிவு செய்தால் பொதுவாக முன்பணம்தான் கேட்பார்கள், மீதியைக் கிளம்புவதற்குச் சில மாதம் முன்பு கட்டினால் போதும். முழுத் தொகையும் இன்றே வேண்டும் என்றால் போனை வைத்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள், அதுவும் முடிந்தால் நேராகக் கப்பல் நிறுவனத்திடமே.

போலீஸ் புகாருக்கு வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் பிரிண்ட் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா கடைக்குப் போயிருக்கிறாள்.