முடிச்சு பழகுற கிட்: கயித்துக்கு அஞ்சு ஸ்டார், தமிழ் சப்டைட்டிலுக்கு ஒன்னு

பையன் செகண்டரி ஒன்னு, சிசிஏக்கு (ஸ்கூல்ல பாடத்துக்கு வெளிய சேர்ற நடவடிக்கை) ஸ்கவுட்ஸ் எடுத்திருக்கான், அவனுக்காக ஆன்லைன்ல வாங்குனது, 22 வெள்ளி. உள்ள ரெண்டு நைலான் கயிறு, தடிமனா சிவப்பு ஒன்னு, மெல்லிசா நீலம் ஒன்னு, படம் போட்ட கார்டுங்க, கியூஆர் கோட் ஸ்கேன் பண்ணா வீடியோ.

கயிறு உண்மையிலேயே நல்லாருக்கு, நுனிய உருக்கி விட்டிருக்காங்க, இன்னும் பிரியல. ரெண்டு தடிமன்ல குடுத்தது விஷயம் தெரிஞ்சவங்க வேலை, ஏன்னா ஷீட் பெண்ட்ங்கிற முடிச்சு போடுறதே தடிமன் வேற வேறயா இருக்குற கயித்த இணைக்கத்தான், தடி கயித்த மடிச்சு புடிச்சுக்கிட்டு மெல்லிச உள்ள விட்டு பின்னாடி ஒரு சுத்து சுத்தி அந்த மெல்லிசுக்கு அடியிலயே சொருகணும், கலர் வேறங்கிறதால எது எங்க போகுதுன்னு பளிச்சுனு தெரியுது. ரீஃப் நாட்ங்கிற முடிச்சோட கார்டுல பாரம் தூக்குற ரெண்டு கயித்த இதால இணைக்காதீங்கன்னு சிவப்புல போட்டிருக்காங்க, நிறைய பேர் இத சொல்றதே இல்ல.

பிரச்சனை வீடியோ தான். தமிழ் சப்டைட்டில்னு பெட்டியில பெருசா போட்டுட்டு மெஷின்கிட்ட விட்டுட்டாங்க போல, அது காதுல விழுந்த இங்கிலீஷ அப்படியே தமிழாக்குது. முடிச்சுக்கு நாட், இல்லைக்கும் நாட், சத்தம் ஒன்னுதானே, அதனால "ரீஃப் இல்லை கட்டுவது எப்படி". மடிச்ச வளைவுக்கு பைட்னு பேரு, கடிக்கும் அதே சத்தம், அது "கயிற்றில் ஒரு கடி எடுக்கவும்"னு வருது, எங்கம்மா பாத்துட்டு எதுக்குடா பிள்ளைய கயித்த கடிக்க சொல்றான்னு கேட்டாங்க. விறைப்பா இருந்தா டாட், கற்பிச்சதுக்கும் அதே சத்தம், அது "கயிறு கற்பிக்கப்படும் வரை". போலைன்னு எழுதி போலின்னு சொல்ற முடிச்சு பந்துவீச்சு ஆயிடுச்சு. கப்பல் வேகத்துக்கும் நாட் தான், ஒரு நாட்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர், அந்த காலத்துல முடிச்சு போட்ட கயித்த கடல்ல ஓடவிட்டு எண்ணுவாங்களாம், அங்க "10 இல்லை வேகத்தில்" போகுது கப்பல்.

சிரிப்பா இருந்தாலும் போலின்ல இது ஆபத்து லா, ஆள் தொங்குற கயித்துல போடுற முடிச்சு. கயித்துல ஒரு சின்ன வளையம் போட்டு, நுனி அந்த ஓட்டை வழியா மேல வந்து, நிக்கிற கயித்த (பாரம் தாங்குற பக்கம்) பின்னாடி சுத்தி, அதே ஓட்டையில இறங்கணும், சப்டைட்டில்ல ஓட்டை "முழுவதும்"னு மாறிடுது, ரெண்டுக்கும் ஹோல் தானே. இங்கிலீஷ் தெரியாதவங்க எதுல விடுவாங்க?

கம்புல கட்டுற கிளோவ் ஹிட்ச் முடிச்சு பழக கம்பு தரல, துணி காயப்போடுற மூங்கில் போதும். சப்டைட்டில ஆஃப் பண்ணிட்டு கார்டு பாத்து பழகுங்க. செல்லருக்கு எல்லாத்தையும் எழுதி அனுப்பினேன், தம்ஸ் அப் மட்டும் வந்துச்சு.