இரட்டைக் காட்ரிஜ் முகமூடி: கண்ணீர்ப்புகைக்குத் தாங்குமா?

யாழ்ப்பாணத்து இரும்புக் கடைகளில் பெயின்ற் அடிப்பவர்களுக்கும் தோட்டத்துக்கு மருந்தடிப்பவர்களுக்கும் விற்கிற ரப்பர் முகமூடி இது. இரு கன்னப்பக்கமும் காற்றை வடிகட்டும் வட்டமான காட்ரிஜ் ஒவ்வொன்று இருக்கும். 2022 யூலையில் கொழும்பிலும் 2024 யூலையில் டாக்காவிலும் ஆர்ப்பாட்டக்காரர்கள்மேல் கண்ணீர்ப்புகை அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்று தோன்றும். நியாயம்தான். ஆனால் கடையில் தொங்குகிற எல்லாம் உதவாது.

கண்ணீர்ப்புகையாக அதிகம் பாவிக்கப்படும் சிஎஸ் உண்மையில் வாயு அல்ல, புகையோடு பரவும் நுண்ணிய தூள். கரி மட்டும் அடைத்த மலிவுக் காட்ரிஜ் பெயின்ற் மணத்தைப் பிடிக்கும், தூளை உள்ளே விட்டுவிடும். மண்ணிறப் பட்டியும் வெள்ளைப் பட்டியும் சேர்ந்திருக்கிற காட்ரிஜைக் கேளுங்கள். ஐரோப்பிய நிறக்குறியில் மண்ணிறம் கரிம ஆவிக்கு, வெள்ளை தூளுக்கு. உறை பிரித்துக் கண்ணாடி அலுமாரியில் வைத்ததை வாங்கவே வேண்டாம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தைக் கரி நாளும் பொழுதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறையில் அச்சிட்ட காலாவதித் திகதியையும் பாருங்கள்.

கடையிலேயே போட்டுப் பார்க்கலாம். இரண்டு காட்ரிஜையும் உள்ளங்கையால் பொத்தி மெல்ல மூச்சை இழுங்கள். முகமூடி முகத்தோடு ஒட்டிச் சில செக்கன் அப்படியே நிற்க வேண்டும். காற்று நுழைந்தால் பெரும்பாலும் மூக்குப் பாலத்தடியில்தான். தாடி இருந்தால் எந்த அளவும் பொருந்தாது, மழித்தால்தான் உண்டு. அடுத்தது முன்பக்க வெளிமூச்சு வால்வு. அதிலுள்ள மெல்லிய ரப்பர்த் தகடு வளைந்திருந்தாலோ தூசி ஒட்டியிருந்தாலோ மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

இது கண்ணை மூடாது. பெரிய குறை அதுதான். சேர்த்து விற்கிற கண்ணாடிகளில் பக்கத்தில் துளை போட்டவை புகைக்கு உதவாது. கண் பாதுகாப்புக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 166. அந்தக் குறியோடு கண்ணாடியின் சட்டகத்தில் 5 என்ற எண் இருந்தால் அது வாயுவுக்கும் நுண்தூளுக்கும் ஆனது. அதே தரத்தில் எஃப் என்ற எழுத்து, செக்கனுக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் 6 மில்லிமீட்டர் உருக்குக் குண்டைத் தாங்கும் என்பதற்கு. அதற்கு அடுத்த பி என்ற எழுத்து 120 மீட்டர் வரை. வேட்டைத் துவக்குச் சன்னம் குழலை விட்டு வரும்போது 300 மீட்டரையும் தாண்டியிருக்கும்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். வங்காளதேசத்தில் அரச வேலை இட ஒதுக்கீட்டுக்கு எதிராகத் தொடங்கிய மாணவர் போராட்டத்தில் 2024 யூலை 16 அன்று ரங்க்பூரில் அபு சயீத் என்ற மாணவர் கைகளை விரித்து நின்றபோது பொலிஸ் சுட்டது சன்னத்தால். அந்தப் போராட்டத்தில் பார்வை இழந்தவர்கள் பலர். யூலை 1 முதல் ஓகஸ்ட் 15 வரை 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்றும் பெரும்பாலோர் பாதுகாப்புப் படைகளின் சூட்டில் இறந்தார்கள் என்றும் ஐநா மனித உரிமை அலுவலகம் சொல்கிறது. அந்தச் சூட்டுக்கு முன்னால் இந்த முகமூடியும் கண்ணாடியும் ஒன்றுமேயில்லை. விற்பவர் வேறு விதமாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

புகை பட்டுவிட்டால் காற்று வரும் திசைக்கு நகருங்கள். கண்ணில் கொன்ராக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் 10 முதல் 15 நிமிடம் கழுவுங்கள். பால், வினாகிரி, பற்பசை எல்லாம் வேண்டாம். டாக்காவின் உத்தராவில் யூலை 18 அன்று, யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டபடி புகைக்குள் போத்தல்களோடு நடந்த முக்தோ என்ற இளைஞர் கொடுத்ததும் தண்ணீரைத்தான். அன்றே தலையில் சுடப்பட்டு இறந்தார்.

பாவித்த காட்ரிஜைத் திரும்பப் போடக் கூடாது, அதிலுள்ள தூள் அடுத்த முறை மூச்சோடு வரும். ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் பட்டிகள் வெடித்துவிடும்.