மிஷன் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா? கோலாலம்பூரில் எங்கள் நான்கு வருடம்

தமிழ்ப்பள்ளி முடித்த மகனை, லா சால் பிரதர்கள் என்ற கத்தோலிக்கத் துறவிகள் தொடங்கிய ஓர் ஆண்கள் பள்ளியில் சேர்த்து, புதுமுக வகுப்போடு (தமிழ்ப்பள்ளியிலிருந்து வருபவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் படிக்கும் ஒரு வருடம்) சேர்த்து நான்கு வருடம் ஆகிவிட்டது. கீழே ஒரு மனக்குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பள்ளியின் பெயர் வேண்டாம்.

எல்லாரும் முதலில் கேட்பது, மதம் மாற்றுவார்களா என்பதுதான். நாங்கள் சைவக் குடும்பம். இத்தனை வருடத்தில் பையனிடம் யாரும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. பாடத்திட்டம் அரசாங்கத்துடையது, ஆசிரியர் சம்பளமும் அப்படித்தான், நிலமும் கட்டடமும் மிஷனுடையது. அவன் நன்னெறிக் கல்வி படிக்கிறான், முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாமியக் கல்விக்குப் போகிறார்கள்.

சரி, அப்புறம் இதில் கிறிஸ்தவப் பள்ளி என்று என்னதான் இருக்கிறது? எனக்கு அது கெண்டீனில்தான் தெரிந்தது. ஒருநாள் அவனை அழைத்துவரப் போனபோது மணி இரண்டரை இருக்கும், கடைகளை மூடி நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டார்கள், ஒரே ஒரு மேசையில் மலாய் டீச்சர் மூன்று பையன்களோடு உட்கார்ந்திருந்தார். என் மகன் மலாய்ப் புத்தகத்தின் வரியில் விரலை வைத்து "பெர்... தாங்கோங்... ஜாவாப்" என்று திக்கித் திக்கிப் படிக்கிறான், அவர் முந்திக்கொண்டு சொல்லித் தரவில்லை, அவனே முடிக்கும்வரை காத்திருந்தார். இதற்குத் தனியாகக் காசு கிடையாது. அவர் முஸ்லிம். கேட்டதற்கு, பின்தங்கிய பையனை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று இங்கே மூத்த ஆசிரியர்கள் பழக்கிவிட்டார்கள் என்றார்.

வாசலில் நிற்கும் சிலை யாருடையது என்று அதற்குப் பிறகுதான் படித்துப் பார்த்தேன். ஜான் பாப்டிஸ்ட் டி லா சால், 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வசதியான வீட்டில் பிறந்தவர், சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். அந்தக் காலத்தில் வாசிப்பை லத்தீனில் தொடங்குவது வழக்கம், இவர் பிள்ளைகள் பேசும் பிரெஞ்சிலேயே தொடங்கினாராம். அந்தச் சபையின் பிரதர்கள் 1852இல் பினாங்கில் செயின்ட் சேவியர் பள்ளியையும், 1904இல் கோலாலம்பூரில் செயின்ட் ஜான் பள்ளியையும் தொடங்கினார்கள். இன்று வகுப்பில் பிரதர்களைக் காண்பதே அரிது, ஆனாலும் பின்தங்கிய பிள்ளையை விட்டுவிடாத அந்தப் பழக்கம் ஒரு மலாய் டீச்சர் கையில் உயிரோடு இருப்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இப்போது குறை. கழிவறை பழுதுபார்க்க நன்கொடை கேட்டார்கள், கேட்கட்டும், பழைய கட்டடம். ஆனால் கொடுக்காத பிள்ளைகளின் பெயரை வரிசையில் எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். ஒரு பையன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏழைப் பிள்ளைக்காகத் தொடங்கிய பள்ளியில் இது நடக்கலாமா? மறுநாளே தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அடுத்த வருடம் பெயர் எழுதாத உறையில் போடச் சொன்னார்கள்.

சேர்க்க நினைப்பவர்கள் பெற்றோருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாளில் போகாமல், பள்ளி விட்டு ஒரு மணி நேரம் கழித்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு உள்ளே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காது. எங்கள் சின்னவனுக்கும் இதே பள்ளிக்குத்தான் மனு போட்டிருக்கிறோம்.