'ஆர்5' என்ற முத்திரையுடன் விற்கப்படும் ரோமானியக் காசுகள்: வாங்குவோர் கவனத்துக்கு

பண்டைய ரோமானியக் காசுகளைச் சேகரிப்பவர்கள், அதிலும் நான்காம் நூற்றாண்டுச் செம்புக் காசுகளில் அண்மையில் ஈடுபாடு கொண்டவர்கள், ஒரு பெரும் தொகையைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இணையவழியில் காசு விற்கும் ஒருவர், முதலாம் கான்ஸ்டன்டைன் காலத்துச் சிறு காசு ஒன்றை 'ஆர்5, உலகில் அறியப்பட்டது இது ஒன்றே' என்ற விளக்கத்துடன், அவ்வகைக் காசு வழக்கமாக விலைபோகும் தொகையைவிடப் பல மடங்கு கூடுதலாக வாங்கிக்கொண்டு எனக்கு விற்றார்.

காசின் பின்புறத்தில் இரண்டு போர்வீரர்கள் எதிரெதிரே நிற்க, நடுவில் இரண்டு படைக்கொடிகள் இருக்கும். சுற்றிலும் 'குளோரியா எக்ஸெர்சிட்டஸ்' (படையின் பெருமை) என்ற வாசகம். கி.பி. 330 முதல் 335 வரை பேரரசின் பல அக்கசாலைகளில் (காசு அடிக்கும் சாலைகளில்) மலைமலையாக அடிக்கப்பட்ட வகை இது. அப்படியானால் அரிய காசு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 'ரோமன் இம்பீரியல் காய்னேஜ்' என்ற ரோமானியக் காசுப் பட்டியல் தொகுப்பின் 1966இல் வெளியான ஏழாம் தொகுதி, ஒவ்வொரு அக்கசாலையின் ஒவ்வொரு பட்டறைக் குறிக்கும் (காசு அக்கசாலையின் எந்தப் பிரிவில் அடிக்கப்பட்டது என்று காட்டும் எழுத்துக்கும்) தனித்தனியாக அருமை மதிப்பு, அதாவது எவ்வளவு அரிது என்ற மதிப்பு, தருகிறது. தொகுத்தவர் பார்த்த சேகரிப்புகளில் ஒன்றே ஒன்று இருந்தால் அது ஆர்5 ஆகிவிடும். பக்கத்துப் பட்டறையில் அடித்த அதே காசு மிகச் சாதாரணமானதாக இருக்கலாம். இரண்டுக்கும் வேறுபாடு அடியில் உள்ள ஓர் எழுத்து மட்டுமே. மேலும் அந்த மதிப்பீடு 1966க்கு முந்தைய நிலவரம். அதன் பிறகு உலோகம் கண்டறியும் கருவிகளால் வெளிவந்தவற்றுக்கு அதில் இடமில்லை. 2013இல் இங்கிலாந்தின் சீட்டன் டவுனில் கிடைத்த ஒரே புதையலில் 22,000க்கும் மேற்பட்ட காசுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தவை.

இவ்வளவோடு நின்றிருந்தால் மிகைப்படுத்தப்பட்ட விளம்பரம் என்று விட்டிருப்பேன். காசு கைக்கு வந்ததும் உருப்பெருக்கியில் பார்த்தபோது, அடிப்பகுதியில் கடைசி எழுத்துக்கும் அதற்கு முந்தைய எழுத்துக்கும் இடையே இன்னோர் எழுத்து நிற்கும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் தளம் சற்றே பள்ளமாகவும், நுண்ணிய இணைகோடுகள் ஓடியதாகவும் இருந்தது. மற்ற இடங்களில் களிம்பு (செம்பில் காலப்போக்கில் படியும் படலம்) கெட்டியாக உலோகத்தோடு ஒட்டியிருக்க, அங்கே இருந்த பச்சை நிறம் அசிட்டோனில் நனைத்த பஞ்சில் அப்படியே வந்துவிட்டது. ஈரெழுத்துக் குறியில் ஓர் எழுத்தைச் சுரண்டி எடுத்து, சாதாரணப் பட்டறையின் காசை அரிய பட்டறையின் காசாக்கி, மேலே நிறம் பூசியிருக்கிறார்கள்.

விற்றவருக்குப் படங்களுடன் எழுதினேன். தாம் அளித்த உத்தரவாதம் காசு பழமையானது என்பதற்கு மட்டுமே என்றும், அருமை பற்றிய குறிப்பு 'ஒரு கருத்து' என்றும் பதில் வந்தது. காசு உண்மையில் ரோமானியக் காசுதான்; அந்த ஓட்டையை அறிந்தே உத்தரவாதத்தை எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பணத்தைத் திருப்பித் தர மறுத்து, வேறோர் 'ஆர்5' காசைத் தள்ளுபடியில் தருவதாகச் சொன்னார்!

சுரண்டல் இல்லாத உண்மையான ஆர்5 ஆக இருந்தாலும் அந்த விலை நியாயமாகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏதென்ஸின் ஆந்தைக் காசுகளும், விவிலியத்தின் வரிக்காசு என்று கருதப்படும், ரோமப் பேரரசர் திபேரியஸின் வெள்ளிக் காசான தினாரியஸும் ஏராளமாகக் கிடைக்கின்றன. இருந்தும் வாங்க நினைப்போர் அதைவிட ஏராளம் என்பதால் விலை இறங்குவதில்லை. பட்டறை எழுத்து வாரியாகச் சேர்ப்பவர்களோ மிகச் சிலர். அவர்களிடம் அந்த எழுத்து ஏற்கெனவே இருந்துவிட்டால் ஒற்றைக் காசுக்கும் கேட்பாரில்லை.

ஆகவே, பட்டறைக் குறியை வைத்து விலை சொல்லப்பட்டால், செதுக்கல், சுரண்டல், செயற்கைக் களிம்பு ஆகியவையும் உத்தரவாதத்தில் அடங்குமா என்று பணம் அனுப்பும் முன் எழுத்தில் கேளுங்கள். அடிப்பகுதியைப் பக்கவாட்டு ஒளியில் பெரிதாக்கி எடுத்த படத்தையும் கேட்டு வாங்குங்கள். இந்த விற்பனையாளரின் பட்டியலில் இப்போதும் பல ஆர்5 காசுகள் உள்ளன. பெரும்பாலானவற்றின் படங்களில் அந்த அடிப்பகுதிதான் நிழலில் இருக்கிறது.